ஷெனாய் போட்டால் யார் அழுவார்? வீடியோக்காரர்களுக்கு ஒரு பின்னணி இசைக் கையேடு

கல்யாண சீசனுக்கான நகைக்கடை விளம்பரம், 90 விநாடி. படத்தை வெட்டி, நிறம் சரிசெய்து, வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்கு மேல் இசை தேட உட்கார்ந்தேன். சந்தா கட்டியிருந்த இசை நூலகத்தில் 'இந்தியத் திருமணம், மகிழ்ச்சி' என்று தட்டியதும் முதலில் வந்தது ஒரு ஷெனாய். சுத்தமான பதிவு, நல்ல வேகம், உரிமச் சிக்கலும் இல்லை. போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை கடை முதலாளி கூப்பிட்டார். கோபப்படவில்லை. "தம்பி, வீடியோ ரொம்ப நல்லாருக்கு. ஆனா யாரு தவறிட்டா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. வடக்கே ஷெனாய் மங்கல வாத்தியம். 1947-ல் சுதந்திரத்தையொட்டி செங்கோட்டையில் பிஸ்மில்லா கான் வாசித்தது அதைத்தான். கல்யாண வீட்டு வாசலில் நமக்கு நாதஸ்வரம் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. தமிழ் சினிமாவோ அதே ஷெனாயைப் பல பத்தாண்டுகளாக அழுகைக் காட்சிக்கு நேர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, நாட்டின் தலைவர்கள் மறைந்த நாட்களில் வானொலியும் தூர்தர்ஷனும் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு ஷெனாயும் சாரங்கியுமாக ஒலிக்கவிட்டதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. அந்தக் காதில் 'மகிழ்ச்சி' என்ற பெயர்ச்சீட்டு எடுபடுமா?

நூலகம் பொய் சொல்லவில்லை. அந்தச் சீட்டு வேறு ஊர்க் காதுக்கு எழுதப்பட்டது, அவ்வளவுதான். வீடியோவுக்கு இசை தேடும் வேலையில் பதினைந்து வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்: இசையின் பொருள் பாதி அந்தப் பதிவில் இருக்கிறது, மீதி கேட்பவரின் ஞாபகத்தில் இருக்கிறது. வகை, மனநிலை என்று நூலகங்கள் போட்டுவைத்திருக்கும் பிரிவுகள் முதல் பாதிக்கு மட்டுமே உதவும். இரண்டாவது பாதியை எடிட்டர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேடும் முன் ஒரு வரி

இசை நூலகத்தைத் திறந்தால் ஒரு மணி நேரம் போனதே தெரியாது. நாற்பது டிராக் கேட்ட பிறகு காது மரத்து, நாற்பத்தொன்றாவதை அலுப்பில் எடுத்துவிடுவோம். ஆகவே திறக்கும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்த வீடியோவில் இசைக்கு என்ன வேலை?

வேலைகள் நிறைய இருக்க முடியாது. படத்துக்கு நடை கொடுப்பது; துண்டுதுண்டான பேட்டிகளை ஒன்றாக ஒட்டுவது; இடத்தையோ காலத்தையோ சொல்வது; படத்தில் தெரியாத ஓர் உணர்ச்சியைச் சேர்ப்பது. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான்கும் வேண்டும் என்று எழுதினால் கிடைப்பது சத்தம்.

கடைசி வேலையில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து குழந்தை வீடு திரும்புகிறது, அம்மா கேமரா முன் உடைந்து அழுகிறார். அங்கே சோக வயலினைப் போட்டால் அந்த அம்மாவின் அழுகையை நம்பவில்லை என்றுதான் அர்த்தம். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, குழந்தை தெருவில் ஓடும் அடுத்த ஷாட்டில் மெல்ல இசையை ஆரம்பித்துப் பாருங்கள். படம் சொல்லிவிட்டதை இசை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் இந்த மொழியில் பேசமாட்டார். "கொஞ்சம் எமோஷனலா", "பன்ச்சா", "ரிச்சா", "இன்டர்நேஷனல் ஃபீல்" என்பார். 'ரிச்' என்றால் சிலருக்கு ஆர்கெஸ்ட்ரா, சிலருக்கு ஒற்றைப் பியானோ, சிலருக்குச் சத்தம் அதிகம். விளக்கம் கேட்டால் அவருக்குச் சங்கடம். அதற்குப் பதிலாக இரண்டு கேள்வி கேளுங்கள். "எந்தப் படத்துல வர்ற மாதிரி சார்?" என்பது முதல் கேள்வி. "வீடியோ முடிஞ்சதும் பார்க்கிறவர் என்ன செய்யணும்?" என்பது இரண்டாவது. முதல் பதில் அவருடைய ஞாபகத்தைக் காட்டும், இரண்டாவது இசையின் வேலையைக் காட்டும். போன் எடுத்துக் கடைக்கு அழைக்க வேண்டும் என்றால் வேகம் கடைசியில் கூட வேண்டும். நம்பிக்கை வர வேண்டும் என்றால் குறைய வேண்டும்.

கேட்பவரின் காது

மொசார்ட் தன் 25-வது சிம்பொனியை 1773-ல் பதினேழு வயதில் எழுதினார். படபடப்பும் பதற்றமுமான தொடக்கம் அதற்கு. 1984-ல் வந்த 'அமேடியஸ்' படத்தில், சாலியரி தற்கொலைக்கு முயலும் ஆரம்பக் காட்சிக்கு அந்த இசைதான் பின்னணி. அதே இசையை நம் ஊரில் யாரிடமாவது முணுமுணுத்துக் காட்டுங்கள். "டைட்டன் வாட்ச்!" என்பார்கள். பரிசு கொடுப்பது, பாசம், புன்னகை. ஒரே ஸ்வரங்களுக்கு ஓரிடத்தில் மரண பயம், இன்னோரிடத்தில் பிறந்தநாள்.

ராகங்களும் அப்படித்தான். சிவரஞ்சனி என்றாலே சோகம் என்று பாடம் படித்தவர்கள் அகில இந்திய வானொலியின் முகப்பு இசையை நினைத்துப் பார்க்கட்டும். நாஜிகளுக்குத் தப்பி இந்தியா வந்த செக் நாட்டு இசைக்கலைஞர் வால்டர் காஃப்மன் 1930-களில் சிவரஞ்சனியை ஒட்டி அமைத்தது அது. அதைக் கேட்டு அழுதவர் உண்டா? பல லட்சம் வீடுகளில் அடுப்பு மூட்டும் நேரத்தின் ஒலியாக அது இருந்தது. ராகம், வாத்தியம், வேகம், கேட்ட சூழ்நிலை நான்கும் சேர்ந்துதான் உணர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. முகாரி தேடிப் போடுவதால் மட்டும் சோகம் வந்துவிடாது.

வெளிநாட்டு நூலகங்களில் 'இந்தியா' என்று தேடினால் சிதாரும் தபலாவும் பான்சுரியும் வந்து குவியும். அவற்றைத் தஞ்சைப் பெரிய கோயிலின் ட்ரோன் காட்சிக்குப் போட்ட வீடியோக்களை எத்தனை பார்த்துவிட்டேன்! கோபுரம் தமிழ்நாட்டில் நிற்கிறது, இசை காசிக் கங்கைக்கரையில் உட்கார்ந்திருக்கிறது. தெற்கத்தி வாத்தியங்களில் தரமான நூலகப் பதிவுகள் குறைவு என்பது உண்மைதான். அதற்கு வழி எளிது. ஒரு நாதஸ்வரக் கலைஞரையோ கடம் வாசிப்பவரையோ இரண்டு மணி நேரத்துக்கு அழைத்து, நியாயமான சம்பளம் கொடுத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக வாசிக்கவைத்துப் பதிந்துகொள்ளுங்கள். எந்தெந்தப் பயன்பாட்டுக்கு என்று எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள், ஏனென்றால் நிகழ்த்துகலைஞருக்குச் சட்டத்தில் தனி உரிமை உண்டு. அந்த இரண்டு மணி நேரப் பதிவு ஐந்து வருடம் உங்களுக்குச் சோறு போடும்.

பறையைப் பற்றி ஒரு வார்த்தை. கிராமம் என்றால் புல்லாங்குழல், போராட்டம் என்றால் பறை என்று எடிட்டிங் மேசையில் ஓர் அனிச்சைச் செயல் உருவாகிவிட்டது. பறையில் சாவுக்கு ஓர் அடி, கொண்டாட்டத்துக்கு ஓர் அடி என்று தனித்தனியாக உண்டு. வாசிப்பவர்களுக்கு அது தெரியும், ஊர்க்காரர்களுக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது ஏசி அறையில் இருக்கும் நமக்குத்தான். திருவிழாக் காட்சிக்குச் சாவடி போய்விடாமல் இருக்க, தெரிந்த ஒருவரிடம் ஒலிக்கவிட்டுக் கேட்டுவிடுங்கள். ஒரு போன் கால் போதும்.

வேகம்: கொஞ்சம் வகுத்தல் கணக்கு

டிராக்கின் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று நூலகங்கள் பிபிஎம் எண்ணாகக் கொடுத்திருக்கும். அதை வெறும் தகவலாகப் பார்க்காதீர்கள், அது உங்கள் கட்களின் நீளம். விநாடிக்கு 25 ஃபிரேமில் வேலை செய்பவர் என்றால் 1500-ஐ பிபிஎம் எண்ணால் வகுங்கள். ஒரு தட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்று வந்துவிடும். 100 பிபிஎம்முக்கு 15 ஃபிரேம், 125-க்கு 12, 75-க்கு 20. எல்லாம் முழு எண்கள், வெட்டுவது சுகம். நூலகத்தில் மலிந்து கிடக்கும் 120 பிபிஎம்முக்கு 12.5 ஃபிரேம் வரும். ஒவ்வொரு தட்டிலும் வெட்டினால் அரை ஃபிரேம் இடறும். இரண்டு தட்டுக்கு ஒருமுறை வெட்டினால் சரியாக 25. நீங்கள் 24 ஃபிரேமில் எடுப்பவர் என்றால் 1440-ஐ வகுக்க வேண்டும். அங்கே 120-க்கு 12 ஃபிரேம், 90-க்கு 16, 80-க்கு 18.

இந்தக் கணக்கு தெரிந்ததும் எல்லாத் தட்டிலும் வெட்டும் வியாதி ஒன்று வரும். எனக்கும் வந்தது. மூன்றாவது விநாடியிலேயே பார்ப்பவருக்கு அடுத்த கட் எப்போது என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் படம் மெட்ரோனோம் ஆகிவிடும். முக்கியமான நாலைந்து கட்களை மட்டும் தட்டில் வையுங்கள், மற்றதை நடிப்பும் அசைவும் தீர்மானிக்கட்டும். இன்னொன்று, நாட்டுப்புற இசையும் தெம்மாங்கும் பெரும்பாலும் மூன்று மூன்றாக நடப்பவை. நான்கு நான்காக எண்ணிப் பழகிய கை அங்கே தடுமாறும். வாயால் 'தகிட தகிட' என்று சொல்லிப் பார்த்துவிட்டு டைம்லைனைத் தொடுங்கள்.

முடிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 60 விநாடி வீடியோவுக்கு மூன்று நிமிட டிராக்கைப் போட்டு, கடைசியில் ஒலியை மெல்லக் குறைத்து முடிப்பது சோம்பேறித்தனம். டிராக்கின் இயல்பான முடிவை வீடியோவின் கடைசி ஃபிரேமில் பொருத்துங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்து நடுவில் வெட்டி ஒட்டுங்கள். எட்டு அல்லது பதினாறு தட்டுகள் முடியும் இடத்தில் வெட்டினால் ஒட்டு தெரியாது. கடைசி லோகோவும் கடைசி ஸ்வரமும் ஒன்றாக வந்து நிற்கும்போது, ஏன் என்று தெரியாமலே வாடிக்கையாளர் "ஓகே" சொல்வார்.

குரலுக்கு வழிவிடு

வாய்ஸ் ஓவர் உள்ள வீடியோவில் இசைதான் விருந்தாளி. குரலில் க, ச, ட, த, ப என்ற வல்லின எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் தெளிவு ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. நாதஸ்வரம், வயலின், எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் பலம் காட்டுவதும் அதே பகுதியில்தான். இரண்டும் மோதினால் 'கடன்' என்பதும் 'படம்' என்பதும் ஒன்றாகக் கேட்கும். வங்கி விளம்பரத்தில் அது நல்லதல்ல.

செய்ய வேண்டியது மூன்று. முன்னணி மெட்டு வாசிக்கும் டிராக்கைக் குரலுக்கு அடியில் போடாதீர்கள். மெட்டும் ஒரு பேச்சுதான், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் விழாது. நூலகம் ஸ்டெம்களைத் தந்தால், அதாவது தாளம், பேஸ், மெட்டு என்று தனித்தனிக் கோப்புகளாகத் தந்தால், மெட்டை மட்டும் அணைத்துவிட்டுக் குரல் ஓயும் இடத்தில் திறந்துவிடலாம். இல்லையென்றால் ஈக்வலைசரில் அந்த 2,000–4,000 பகுதியை இசையில் இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். ஒலி அளவைக் குறைப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும். பாட்டுக் குரல் உள்ள டிராக்கைக் குரலுக்கு அடியில் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எவ்வளவு குறைவாக வைப்பது? இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான சர்வதேச நெறிமுறை, பேச்சைவிடப் பின்னணி ஒலி 20 டெசிபல் தாழ இருக்க வேண்டும் என்கிறது. காது மந்தமானவர்களை மனதில் வைத்துச் சொன்ன அளவு அது. அரசு விழிப்புணர்வு வீடியோ, மருத்துவ வீடியோ, பாட வீடியோ என்றால் நான் அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். விளம்பரத்துக்குக் கொஞ்சம் ஏற்றலாம். கடைசி மிக்ஸைப் பொறுத்தவரை, யூடியூப் சுமார் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். அளவுக்கு மேல் போனதைத் தானே இறக்கிவிடும். ஐரோப்பிய ஒளிபரப்புத் தரம் மைனஸ் 23. தொலைக்காட்சிக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்தச் சேனலின் தொழில்நுட்பத் தாளை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். போனின் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து, ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிட்டுக் கேளுங்கள். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து பார்ப்பவர் கேட்பது அப்படித்தான். நீங்கள் ரசித்துப் போட்ட பேஸ் முழுக்கக் காணாமல் போயிருக்கும். பிறகு ஸ்கிரிப்ட் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அலுவலகத்தில் டீ கொண்டுவரும் அண்ணனைவிட நல்ல ஒலிப் பரிசோதகர் எனக்குக் கிடைத்ததில்லை.

வகைகள், வேகமாக

நிறுவன வீடியோ: உக்குலேலே, கைத்தட்டல், மணி ஓசை மூன்றும் சேர்ந்த அந்த டிராக்கை இனி யாரும் தொடாதீர்கள். காப்பீடு முதல் கழிவறைச் சுத்திகரிப்பான் வரை எல்லாவற்றுக்கும் போட்டு அதைச் சக்கையாக்கிவிட்டோம். மெதுவான எலெக்ட்ரானிக் துடிப்பு ஒன்றும் ஒரே ஒரு உண்மையான வாத்தியமும் போதும்.

விளக்க வீடியோ: மரிம்பா, விரலால் சுண்டிய வயலின் போன்ற குட்டை ஒலிகள். குரலுக்கு நடுவே இடம் விடும்.

ரியல் எஸ்டேட்: பியானோ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.

ஆவணப்படம்: நீண்ட ஒற்றை ஒலியை அடியில் ஓடவிட்டால் எதுவும் ஆழமாகத் தெரியும். அதனாலேயே அது ஆபத்து. ஆற்று மணல் பற்றிய படத்தில் ஓர் அதிகாரியின் சாதாரணப் பேட்டிக்கு அடியில் இருண்ட ஒலியை வைத்தால் அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டீர்கள். ஆதாரம் இருந்தால் வாயால் சொல்லுங்கள், இசையால் கோள் மூட்டாதீர்கள்.

திகில்: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் வழக்கமான பின்னணி இசையே கிடையாது. பறவைச் சத்தங்களை மின்னணுக் கருவியில் உருவாக்கினார்கள்.

ரீல்ஸ்: முதல் விநாடியிலேயே தாளம் விழ வேண்டும், அறிமுக இசைக்கு நேரமில்லை.

மாதிரி இசையின் மயக்கம்

எடிட் செய்யும்போது தற்காலிகமாக ஒரு பிரபலப் பட இசையைப் போட்டு வைப்போம். இரண்டு வாரம் அதையே கேட்டுக் கேட்டு, பிறகு எது வந்தாலும் பிடிக்காது. இந்த மயக்கத்துக்கு உலகப் புகழ் பெற்ற பலி அலெக்ஸ் நார்த். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்துக்கு அவர் இசையமைத்தார். இயக்குநர் குப்ரிக் அதை ஒதுக்கிவிட்டு, தான் போட்டு வைத்திருந்த செவ்வியல் இசையையே வைத்துக்கொண்டார். படம் திரையிடப்பட்டபோதுதான் நார்த்துக்கே விஷயம் தெரிந்தது. குப்ரிக்குக்கு அது பலித்தது. உங்கள் மாதிரி இசைக்கு உரிமம் வாங்கப் பணம் இல்லையென்றால் பலிக்காது. ஆகவே மாதிரி இசையையும் உரிமம் வாங்க முடிகிற இடத்திலிருந்தே எடுங்கள். வாடிக்கையாளரின் காதில் சினிமா பிஜிஎம்மை ஒருமுறைகூட விழவிடாதீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் இசையிலிருந்து தேர்ந்தெடுப்பது இரண்டாந்தர வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு படத்தைக் காட்டுகிறேன். பாலு மகேந்திராவின் 'வீடு'. அதில் பாட்டே இல்லை. பின்னணிக்கு அவர் எடுத்துக்கொண்டது, இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து. தியாகராஜரையும் பாக்கையும் வணங்கிச் செய்த இசை. எந்தப் படத்தையும் மனதில் வைத்துச் செய்ததல்ல. வீடு கட்டப் போராடும் ஒரு பெண்ணின் கதைக்கும் அதற்கும் ஒட்டும் உறவும் கிடையாது. நூலகத்தில் தேடினால் 'பரோக், கர்நாடக இணைப்பு' என்று ஏதோ ஒரு பிரிவில் கிடந்திருக்கும். ஆனால் படத்தோடு கேட்கும்போது வேறு இசையை நினைத்துப் பார்க்க முடிவதில்லை. படம் சொல்லாமல் அடக்கி வைத்ததை அந்த வயலின்கள் சொல்கின்றன. எங்கே இசை இல்லை என்பதைக் குறித்துக்கொண்டே ஒருமுறை முழுதாகப் பாருங்கள். ஒரு வாரப் பயிற்சி வகுப்புக்குச் சமம்.

உரிமம்: தூக்கம் கெடாமலிருக்க

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், பிறகு நள்ளிரவில் போன் செய்கிறவர்களும் அவர்களே.

முதலில் கட்டுக்கதையை ஒழிப்போம். 'முப்பது விநாடிக்குள் போட்டால் பரவாயில்லை' என்று ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஐந்து விநாடிக்கும் அனுமதி வேண்டும். ஒரு பதிவில் இரண்டு உரிமை இருக்கிறது: மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. இந்தியச் சட்டப்படி மெட்டின் உரிமை இசையமைப்பாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. தியாகராஜர் 1847-ல் மறைந்தவர், அவருடைய கீர்த்தனை எல்லோருக்கும் சொந்தம். போன வருடம் ஒரு வித்வான் பாடிப் பதிந்த கீர்த்தனை அப்படி அல்ல. பாரதியின் பாட்டுகளுக்கும் அதே கணக்கு. வரிகள் மக்கள் சொத்து, மெட்டு போட்டவருக்கும் பதிந்தவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். "நாங்களே பாடி கவர் பண்ணிட்டோம் சார்" என்பதும் பாதிக் கிணறுதான். ஒலிப்பதிவு உங்களுடையது ஆகிறது, மெட்டு ஆகாது.

கல்யாண வீடியோக்காரர்கள் கவனிக்க: திருமண வீட்டில் பாட்டு ஒலிக்கவிடுவதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதே பாட்டை வீடியோவில் கோத்து யூடியூபில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு குடையாகாது.

யூடியூபில் 'கிளெய்ம்' வேறு, 'ஸ்டிரைக்' வேறு. கிளெய்ம் வந்தால் பெரும்பாலும் வருமானம் உரிமையாளருக்குப் போகும், வீடியோ இருக்கும். ஸ்டிரைக் என்பது நீக்கல். 90 நாளுக்குள் மூன்று வாங்கினால் சேனலுக்கே ஆபத்து. இன்ஸ்டாகிராமில் உங்கள் சொந்தக் கணக்கில் கிடைக்கும் சினிமாப் பாட்டு, கடையின் பிசினஸ் கணக்கில் கிடைக்காமல் போவதற்கும் காரணம் உண்டு: அந்தப் பாட்டுகள் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் பெற்றவை அல்ல. சொந்தக் கணக்கில் எடிட் செய்து கடைக்குக் கொடுத்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

இலவச இசையில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'என்சி' என்றிருந்தால் வாடிக்கையாளர் வேலைக்கு ஆகாது. 'என்டி' என்றிருந்தால் வீடியோவில் கோக்கவே கூடாது, படத்தோடு இசையைச் சேர்ப்பதையே அந்த உரிமம் மாற்றம் செய்ததாகக் கருதுகிறது. 'பிஒய்' மட்டும் இருந்தால் பெயர் போட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். யூடியூபின் சொந்த ஆடியோ லைப்ரரி ஆரம்பநிலைக்குப் போதுமானது. 'இலவசம்' என்று பொதுவாக எழுதியிருக்கும் தளங்களிலிருந்து எடுத்த டிராக்குக்கும் கிளெய்ம் வருவதுண்டு. ஏற்றியவர் உண்மையான உரிமையாளராக இல்லாமல் இருக்கலாம், அல்லது பிறகு மனம் மாறியிருக்கலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் இசை உருவாக்குகிறவர்கள் இலவசக் கணக்கில் வணிகப் பயன்பாடு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல கருவிகளில் இல்லை.

இளம் இசையமைப்பாளரிடம் புதிதாகச் செய்து வாங்குகிறீர்களா? மிக நல்லது. ஆனால் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் 5 ஆண்டு என்றும், இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். துபாய்க் கிளையில் ஓட வேண்டிய விளம்பரத்துக்கு அது பெரிய ஓட்டை. ராயல்டியை முழுதாக விட்டுக்கொடுக்கச் சொல்லி அவரிடம் எழுதி வாங்கவும் முயலாதீர்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு அப்படி எழுதி வாங்குவது செல்லாத சூழல்கள் நிறைய.

இதைத் தொழிலாக்குவது

இசைத் தேர்வுக்கென்றே தனி ஆள் வைக்கும் நிறுவனங்கள் நம் ஊரில் குறைவு. பெரும்பாலும் எடிட்டர் தலையில்தான் விழும். அதனாலேயே இதில் கொஞ்சம் தேர்ந்தவருக்குக் கூட்டத்தில் தனி இடம் கிடைக்கிறது.

இன்றே ஒரு எக்செல் தாள் ஆரம்பியுங்கள். கேட்ட நல்ல டிராக்குகளின் பெயர், பிபிஎம், முன்னணி வாத்தியம், உரிம வகை; கடைசியில் உங்கள் சொந்தச் சொல்லில் ஒரு குறிப்பு. நூலகம் 'இன்ஸ்பைரிங்' என்று எழுதியிருந்தால் அதை நகலெடுக்காதீர்கள். என்னுடைய தாளில் 'பஸ் ஜன்னல் சீட்', 'ரிசல்ட் வந்த காலை', 'மாமியார் வரும் முன்' என்றெல்லாம் குறிப்புகள் இருக்கின்றன. அவசரத்தில் இவைதான் கை கொடுக்கின்றன. இருநூறு வரி சேர்ந்துவிட்டால் வெள்ளிக்கிழமை இரவுகள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஷோரீலோடு இன்னொன்றையும் காட்டுங்கள். கோயம்பேடு சந்தையின் விடியற்காலையை ஒரு நிமிடம் நீங்களே எடுத்து வெட்டுங்கள். ஒரு கட்டைக்கூட மாற்றாமல் மூன்று விதமான இசை போடுங்கள்: ஒன்றில் அது உழைப்பு, ஒன்றில் அவசரம், ஒன்றில் தனிமை. நான்காவதாக, இசையே இல்லாமல் சந்தைச் சத்தம் மட்டும். நான் ஆள் எடுக்கும்போது இப்படி ஒருவர் கொண்டுவந்தால் சான்றிதழ் கேட்கமாட்டேன்.

வாடிக்கையாளருக்கு எப்போதும் இரண்டு தேர்வு அனுப்புங்கள். மூன்று அனுப்பினால் மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கேட்பார். ஒன்று மட்டும் அனுப்பினால் பிடிக்கவில்லை என்பார். இசை உரிமக் கட்டணத்தை எடிட்டிங் கூலிக்குள் கரைக்காமல் பில்லில் தனி வரியாகப் போடுங்கள். முடிந்தவரை உரிமத்தை வாடிக்கையாளர் பெயரிலேயே வாங்குங்கள். உங்கள் சந்தா அடுத்த வருடம் முடிந்தால் அவருடைய பழைய வீடியோ என்னவாகும் என்பதை அந்த நூலகத்தின் விதிமுறையில் படித்து, ஒரு மின்னஞ்சலில் அவருக்கு எழுதிவிடுங்கள். ஒவ்வொரு நூலகத்துக்கும் இது வேறுபடும்.

நகைக்கடை வீடியோ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஷெனாயை எடுத்துவிட்டு, ஒரு தவில் கலைஞரை வரவழைத்துத் தனித் தவில் மட்டும் பதிந்து போட்டேன். முதலாளி கேட்டுவிட்டு, "இப்பதான் கல்யாண வீடு" என்றார். பிறகு பில்லில் தவிலுக்கு என்று இருந்த வரியைப் பார்த்து, அதில் பாதியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். குறைக்கவில்லை.

இப்போது உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்ட்டின் ஃபோல்டரைத் திறங்கள். அதில் இசைக் கோப்பு இருக்கும். பக்கத்திலேயே அதன் உரிமச் சான்றும், இறக்கிய தேதியும், அன்றைய விதிமுறைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கின்றனவா? இல்லையென்றால் ரெண்டர் பொத்தானைத் தொடும் முன் அவற்றைத் தேடி உள்ளே போட்டு வையுங்கள்.